ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ஆறு வாரம்: முதலில் முட்டி நீளட்டும்

முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, முட்டியை எப்போது மடக்க முடியும் என்றுதான். வீட்டில் இருப்பவர்களும் அதையே கேட்பார்கள். இன்று எவ்வளவு மடங்கியது, நேற்றைவிட அதிகமா என்று தினமும் கணக்குப் பார்ப்பார்கள். மடக்குவது முக்கியம்தான். ஆனால் அது கொஞ்சம் தாமதமானாலும் பெரும்பாலும் வந்துவிடும். முதல் சில வாரங்களில் கைநழுவ விட்டால் பிறகு மீட்பதற்குப் படாதபாடு படவேண்டியது வேறொன்று: முட்டியை முழுசாக நீட்டும் திறன். அதோடு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. வீக்கம் வடிய வேண்டும், தொடையின் முன்தசை மறுபடி வேலை செய்யத் தொடங்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக வந்தால் நடை, மடக்கம், பலம் எல்லாம் பின்னாலேயே வரும். ஆரம்பகட்டப் பிசியோதெரபி முழுக்க இந்த மூன்றைச் சுற்றித்தான் நடக்கிறது. அது ஏன் என்று தெரிந்துகொண்டவருக்கு, வலிக்கிற நாளிலும் பயிற்சியை விடாமல் செய்ய மனசு வரும்.

உள்ளே என்ன செய்திருக்கிறார்கள்?

முழங்காலில் நான்கு முக்கியமான லிகமென்ட்கள், அதாவது நாம் ஜவ்வு என்று சொல்பவை, இருக்கின்றன. இரண்டு பக்கவாட்டில், இரண்டு மூட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக. உள்ளே முன்பக்கம் இருப்பது ஏசிஎல். தொடை எலும்பையும் அதற்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பையும் பிணைத்து, கீழ் எலும்பு முன்னால் வழுக்காமலும் அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. ஓடும்போது சட்டென்று திசை மாறுகிறவர்களுக்கும், குதித்து ஒற்றைக் காலில் இறங்குகிறவர்களுக்கும் அதிகம் கிழிவது இதுதான். ஆபரேஷன் வரை போவதும் பெரும்பாலும் இதற்குத்தான் என்பதால், இங்கே சொல்வதெல்லாம் ஏசிஎல் ஆபரேஷனை மனதில் வைத்துத்தான். பின்பக்க லிகமென்டான பிசிஎல்லையோ, ஒரே நேரத்தில் பல லிகமென்ட்களையோ சரிசெய்திருந்தால் பயிற்சியின் விதிகள் நிறைய மாறும். அவர்கள் தங்கள் மருத்துவர் சொன்னதை மட்டும் பின்பற்றுவதே நல்லது.

கிழிந்த ஏசிஎல்லைத் தைத்து ஒட்டவைப்பது அரிது. அது இருக்கும் இடம் மூட்டுத் திரவத்துக்குள். வேறு இடமாக இருந்தால் காயத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல் புதுத் திசு வளரும். இங்கே அந்த உறைவு நிலைத்து நிற்பதில்லை. அதனால் உடம்பின் வேறொரு இடத்திலிருந்து, தசையை எலும்போடு இணைக்கும் ஒரு தசைநாணை எடுத்துப் புது லிகமென்டாக வைக்கிறார்கள். தொடையின் பின்பக்கத் தசையான ஹேம்ஸ்ட்ரிங்கின் நாண், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாண், சில்லுக்கு மேலே உள்ள நாண் ஆகிய மூன்றில் ஒன்றை எடுப்பது வழக்கம். சிலருக்கு இன்னொருவர் தானம் செய்த நாணையும் வைப்பார்கள். கேமரா வைத்த மெல்லிய குழாயை முட்டிக்குள் விட்டு, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளை போட்டு, நாணை அதற்குள் செலுத்தி, திருகாணியாலோ சிறிய பட்டனாலோ இறுக்கிவிடுகிறார்கள். இந்தப் புது நாணுக்கு கிராஃப்ட் என்று பெயர்.

உங்களுக்கு எந்த கிராஃப்ட் வைத்தார்கள் என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே மெனிஸ்கஸைத் தைத்தார்களா என்றும் கேளுங்கள். தொடை எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் இடையே மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு அது. இந்த இரண்டு பதில்களை வைத்துத்தான் எவ்வளவு எடை ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம், எந்தத் தசைக்கு ஓய்வு தேவை என்பதெல்லாம் முடிவாகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் நாளே ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார் என்ற கதை உங்கள் முட்டிக்குப் பொருந்த வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலைப் பல வாரங்கள் கட்டுப்போட்டு அசைக்காமல் வைத்திருப்பார்கள். புது நாண் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற பயம்தான் காரணம். கட்டைப் பிரித்துப் பார்த்தால் நாண் பத்திரமாக இருக்கும், முட்டியோ இறுகிப்போயிருக்கும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டொனால்ட் ஷெல்போர்ன் என்ற அறுவை மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சொன்ன பேச்சைக் கேட்காமல் சீக்கிரமே காலை ஊன்றி நடந்த நோயாளிகளின் முட்டி மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது, கிராஃப்டும் தளர்ந்திருக்கவில்லை. அவரும் நிட்ஸ் என்பவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, சீக்கிரம் நீட்டு, சீக்கிரம் ஊன்று என்ற முறை பரவலானது. இன்றைய பிசியோதெரபி அதன் வழியில் வந்ததுதான்.

நீட்டம், வீக்கம், தொடைத் தசை

முதல் நாள் படுக்கையில் முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை வைத்தால் சொர்க்கமாக இருக்கும். காரணம் உண்டு. முட்டி லேசாக, ஏறக்குறைய 30 டிகிரி மடங்கியிருக்கும்போதுதான் மூட்டுக்குள் இடம் அதிகம், அழுத்தம் குறைவு. உள்ளே ரத்தமும் நீரும் கோத்திருக்கும் முட்டி அந்த நிலையைத்தான் தேடும். ஆனால் அப்படியே நாட்கணக்கில் கிடந்தால், முட்டியின் பின்புறத் திசுக்கள் சுருங்கி இறுகும். முன்பக்கத்தில் கிராஃப்டுக்கு முன்னால் உள்ள இடைவெளியில் தழும்புத் திசு வளர்ந்து, கதவிடுக்கில் மாட்டிய கட்டைபோல நீட்டத்தையே தடுத்துவிடும். சிலருக்கு அதை அகற்ற இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுகிறது. ஆகவே தலையணையை முட்டிக்குக் கீழே வைக்காதீர்கள். உயர்த்த வேண்டுமானால் குதிகாலிலிருந்து கால் முழுவதையும், முட்டி நீண்டிருக்கும்படி உயர்த்துங்கள்.

நீட்டும் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டிக்குக் கீழே வெறும் காற்று இருக்கும்படி விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். காலின் எடையே முட்டியை மெல்ல நீட்டும். ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளில் பல தடவை. முட்டியின் பின்னால் இழுத்துப் பிடிக்கும், எரிச்சலாகக்கூட இருக்கும். அந்த இழுவை எதிர்பார்க்க வேண்டியதுதான். அப்புறம் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே உள்ள பகுதி கட்டில் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி காலைத் தொங்கவிடுவது இன்னொரு முறை. இரண்டு குதிகால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பின்னால் நின்று யாராவது பார்த்துச் சொன்னால், நீட்டத்தில் குறை இருப்பது உடனே தெரிந்துவிடும். இலக்கு எவ்வளவு என்றால், நல்ல கால் நீளும் அளவு. சிலருக்கு நல்ல முட்டி நேர்கோட்டையும் தாண்டி லேசாகப் பின்னால் போகும். அவர்களுக்கு ஆபரேஷன் செய்த முட்டியும் அதுவரை போக வேண்டும், ஆனால் அதை எவ்வளவு வேகத்தில் செய்வது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

நீட்டத்தில் ஐந்து டிகிரி குறைந்தால் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். நடக்கும்போது குதிகால் தரையைத் தொடும் நொடியில் முட்டி கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். நேராக நிற்கும் முட்டி அதிக உழைப்பில்லாமல் எடையைத் தாங்கும். கொஞ்சம் மடங்கியே நின்றால் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசைதான் எடையை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தசையோ இப்போது இருப்பதிலேயே பலவீனமான நிலையில் இருக்கிறது. நடை நொண்டும், சில்லுக்கு முன்னால் வலி தொடங்கும், வீக்கம் திரும்பி வரும்.

அடுத்தது வீக்கமும் தொடைத் தசையும். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் தொடையை இறுக்கச் சொன்னால் பலருக்கு முடியாது. எவ்வளவு முயன்றாலும் தசை அசையாது. என் கால்தானா இது என்று பயந்துவிடுவார்கள். தசை செத்துப்போகவில்லை. மூட்டுக்குள் நீர் கோத்தால், அங்குள்ள உணர்நரம்புகள் முதுகுத்தண்டுக்கு அனுப்பும் சேதி, தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடும். நல்ல முட்டிகளுக்குள் உப்புநீரைச் செலுத்திச் செய்த சோதனைகளில், காயமோ கிழிசலோ எதுவும் இல்லாமலே தொடைத் தசை சுணங்கிப்போனது. அதாவது வீக்கம் மட்டுமே தசையை முடக்கப் போதும். இது மன உறுதிக் குறைவு இல்லை, ஒருவரைச் சோம்பேறி என்று திட்டித் தீர்க்கக்கூடிய விஷயமும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நோயாளிக்குப் பெரிய ஆறுதல்.

அதனால் வீக்கத்தைக் குறைப்பதே ஒரு தசைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைத்துப் படுப்பது, 15 முதல் 20 நிமிடம் ஐஸ் வைத்து எடுப்பது, மருத்துவர் சொன்னபடி எலாஸ்டிக் கட்டுப் போடுவது, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பது. ஐஸுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு துணி இருக்கட்டும். ஆபரேஷனுக்குப் பின் தோலில் உணர்வு குறைந்திருக்கும், குளிர் புண்ணாக்கினாலும் தெரியாது. எல்லாவற்றையும்விட, தேவையில்லாத நடமாட்டத்தைக் குறைப்பது முக்கியம். முதல் வாரத்தில் நன்றாக இருக்கிறது என்று வீடு முழுக்கச் சுற்றிவந்து, மாலையில் பானை மாதிரி வீங்கிய முட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம்.

தசையை எழுப்பும் பயிற்சி இப்படி: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்துவதுபோல் தொடையின் முன்தசையை இறுக்கி, ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு மேல்நோக்கி ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏறவில்லை என்றால் முதலில் நல்ல காலில் செய்து பாருங்கள், பிறகு இரண்டிலும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். தொடையில் கைவைத்துத் தடவிக்கொண்டே செய்தாலும் சிலருக்குப் பிடி கிடைக்கும். பிசியோதெரபிஸ்ட்கள் தசைமேல் பட்டைகளை ஒட்டி லேசான மின்தூண்டல் கொடுப்பதும் இதற்காகத்தான். அது நல்ல பலன் தரும் சிகிச்சை. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

அடுத்த படி, முட்டியை நீட்டியபடியே காலை முழுசாகத் தூக்குவது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தூக்கும்போது குதிகால் மேலே வந்தபின்னும் முட்டி லேசாக மடங்கித் தொய்ந்தால், முன்தசை இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம். தொய்வோடு ஐம்பது தடவை தூக்குவதைவிட, தொய்வில்லாமல் ஐந்து தடவை தூக்குவது எனக்கு மேலாகப் படுகிறது. எண்ணிக்கையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

நடப்பதும் மடக்குவதும்

ஏசிஎல் மட்டும் மாற்றப்பட்டிருந்தால், பெரும்பாலோரை முதல் நாளிலோ மறுநாளிலோ ஊன்றுகோலோடு, தாங்கும் அளவுக்கு எடையை ஊன்றி நடக்கச் சொல்வார்கள். மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் சில வாரங்கள் எடை ஊன்றுவதற்கும், 90 டிகிரிக்கு மேல் மடக்குவதற்கும் தடை இருக்கலாம். அந்தத் தடையை மீறினால் தையல் பிரிந்துவிடும் ஆபத்து உண்டு.

ஊன்றுகோலை எப்போது விடுவது? நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முட்டி முழுசாக நீள வேண்டும், தொய்வில்லாமல் காலைத் தூக்க வேண்டும், நொண்டாமல் நடக்க வேண்டும். இந்த மூன்றும் வந்த நாளில் விடலாம். பலருக்கு அது இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வரும். நொண்டிக்கொண்டு வெறுங்கையோடு நடப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. நொண்டல் பழகிவிட்டால் அதை மறக்கவைப்பது பெரிய வேலை. இரண்டு ஊன்றுகோலிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது, அதை நல்ல கால் இருக்கும் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலர் ஆபரேஷன் ஆன பக்கத்திலேயே பிடித்து உடம்பைச் சாய்த்து நடக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

மடக்கத்துக்கு எளிய பயிற்சி, படுத்துக்கொண்டோ உட்கார்ந்தோ குதிகாலை மெல்லப் பிட்டத்தை நோக்கி இழுப்பது. தடை எதுவும் இல்லாதவர்களுக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் 90 டிகிரி, அதாவது நாற்காலியில் சாதாரணமாக உட்காரும் அளவு வந்தால் நல்லது. ஆறு வாரம் நெருங்கும்போது 120 டிகிரி பக்கம் வந்திருந்தால் போதுமானது. 100 டிகிரியைத் தாண்டியதும் நகராத சைக்கிளில் மெதுவாகப் பெடல் சுற்றத் தொடங்கலாம். முதலில் முழுச் சுற்று வராது, முன்னும் பின்னும் ஆட்டினாலே போதும். முழங்கால் சில்லை விரல்களால் மேலும் கீழும், இடமும் வலமும் மெல்ல நகர்த்துவதையும் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். சில்லு இறுகிவிட்டால் நீட்டமும் வராது, மடக்கமும் வராது. யாரையாவது விட்டு முட்டியை வலுக்கட்டாயமாக அழுத்தி மடக்கவைப்பது மட்டும் வேண்டாம். அடுத்த நாள் அது வீங்கி, கிடைத்ததையும் இழக்க நேரும்.

எவ்வளவு பயிற்சி போதும் என்பதற்கு முட்டியே பதில் சொல்லும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். அந்த வலியும் வீக்கமும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லை என்றால் கூடிவிட்டது, அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் சில்லின் நடுவே ஒரு டேப்பைச் சுற்றி அளந்து குறித்துவைத்தால், கண்ணுக்குத் தெரியாத வீக்கமும் பிடிபடும். வலிமாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், பயிற்சிக்கு முன்பாக அமையும்படி எடுத்துக்கொள்ளலாம். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதால் முட்டிக்கு எந்த நன்மையும் இல்லை.

பயப்பட வேண்டியதும், வேண்டாததும்

கன்றிய நீலநிறம் கெண்டைக்காலுக்கும் கணுக்காலுக்கும் இறங்கிவரும். உள்ளே கசிந்த ரத்தம் கீழே வடிவதுதான் அது. தையலுக்குப் பக்கத்தில், குறிப்பாக வெளிப்பக்கமாக, தோல் மரத்துப்போயிருக்கும். சின்ன தோல்நரம்பு ஒன்று வெட்டுப்படுவதால் வருவது. பலருக்கு அந்த இடம் சுருங்கிக்கொண்டே வரும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும், முட்டியின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹேம்ஸ்ட்ரிங் நாண் எடுத்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் குனியும்போதோ காலை நீட்டும்போதோ தொடைக்குப் பின்னால் திடீரென்று பிடுங்கியதுபோல் வலிக்கலாம். பெரும்பாலும் அது நாண் எடுத்த இடத்துத் தழும்புத் திசு விடுபடுவது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சில நாள் அந்தத் தசைக்கு ஓய்வு கொடுங்கள். முட்டி தொட்டால் சூடாக இருப்பது மாதக்கணக்கில்கூட நீடிக்கும்.

தள்ளிப்போடக் கூடாதவை வேறு. கெண்டைக்கால் வீங்கி, கல்போல் இறுகி, தொட்டால் வலித்தால் ரத்தக்குழாயில் உறைவு ஏற்பட்டிருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அந்த உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும், நேராக அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், தையலிலிருந்து சீழ் அல்லது நிற்காத கசிவு, நாளாக நாளாகக் கூடும் வலி, சிவந்து பரவும் தோல் ஆகியவை கிருமித்தொற்றின் அறிகுறிகள். மூட்டுக்குள் தொற்று போனால் குருத்தெலும்பு சீக்கிரம் அரித்துப்போகும் என்பதால், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

நன்றாக இருக்கும்போது வரும் ஆபத்து

ஆறு வாரம் கடந்தால் வலி குறைந்திருக்கும், நடை சீராகியிருக்கும், வேலைக்குக்கூடப் போகத் தொடங்கியிருப்பீர்கள். சரியாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் கிராஃப்டின் நிலை அப்போது நேர்மாறாக இருக்கிறது. எடுத்த இடத்திலிருந்து பிரிந்த நாணுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன் பழைய செல்கள் பெருமளவு அழிந்து, மூட்டிலிருந்து புது ரத்தக்குழாய்கள் முளைத்து, புதுச் செல்கள் குடியேறி, இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கட்டப்படுகின்றன. இந்த வேலை நடக்கும் இடைக்காலத்தில், சுமார் இரண்டாவது மூன்றாவது மாதங்களில், கிராஃப்ட் வைத்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். முழு மாற்றத்துக்கு ஒரு வருடத்துக்கு மேலேகூட ஆகும். இந்தக் கட்டத்தில் தடுக்கி விழுவது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, விளையாட்டாகக் குதித்துப் பார்ப்பது எல்லாம் உண்மையான ஆபத்து. வலி இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

விளையாட்டுக்குத் திரும்புவதற்கும் இதே கணக்குதான். ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான டெலவேர்-ஓஸ்லோ என்ற ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி காயம்படும் வீதம் சுமார் 51 சதவீதம் குறைந்தது. ஒன்பது மாதம் முடிந்தால் மட்டும் போதாது. தொடைத் தசையின் பலமும் ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் நல்ல காலின் அளவில் குறைந்தது 90 சதவீதமாவது வர வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட்கள் சோதிப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓய்வில் கிடக்கும் மாதங்களில் நல்ல காலும் மெலிந்துவிடும். மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் வந்தால் அது நிஜமான 90 இல்லை. ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலின் பலத்தை அளந்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தக் காலுக்கான பயிற்சியை முதல் வாரத்திலேயே, படுக்கையில் இருந்தபடியே தொடங்கிவிடலாம், அதற்கு எந்தத் தடையும் கிடையாது.